31,600 ரூபாய்க்கு வாங்கிய காப்பீடும் டெக்சாஸில் வந்த மூன்று பில்லும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் 32 வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். 2025 பிப்ரவரி முதல் வாரம் நானும் என் வீட்டுக்காரரும் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனோம். டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்துப் புறநகர் ஒன்று. ஜூலை கடைசியில் திரும்பினோம். போகும்போது இங்கே எடுத்த பயண மருத்துவக் காப்பீட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கம்பெனி பெயரைப் போடவில்லை. விசாரித்த வரையில் இந்த வகைப் பாலிசிகள் பலவும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

முதலில் விவரம். ஆறு மாதத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 31,600 ரூபாய். ஆளுக்கு 50,000 டாலர் வரை பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் முதல் 100 டாலர் நம் கைக்காசு. எனக்கு வயது 63, அவருக்கு 68. மின்வாரியத்தில் இருந்தவர். பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். அதை விண்ணப்பத்தில் அப்படியே எழுதினோம்.

"டீச்சர், எதுக்குங்க இத்தனை யோசனை? சும்மா ஒரு தைரியத்துக்கு எடுக்கறதுதானுங்களே" என்றார் ஏஜெண்ட் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பாலிசித் தாள் 28 பக்கம். ஊரில் இருந்தபோது நான் படித்தது முதல் இரண்டு பக்கம்தான். மீதியை மார்ச் மாதத்தில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன்.

மார்ச் இரண்டாவது வாரம், இரவு பதினொரு மணி இருக்கும். படுத்திருந்தவர் நெஞ்சை அழுத்துகிறது, தலை சுற்றுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை 911க்கு அடித்தார். பத்து நிமிஷத்துக்குள் வண்டி வந்துவிட்டது. வந்தவர்கள் அவ்வளவு பொறுமையாக, மரியாதையாகப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே இவர் என் கையைப் பிடித்து, "எவ்வளவு ஆகும்னு கேளு" என்றார். நெஞ்சு வலிக்கும் மனிதர் கேட்கிற முதல் கேள்வி அதுவாக இருந்தது. மகள் அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் சக்கரம் வைத்த கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். பெயர், பிறந்த தேதி, அப்புறம் காப்பீட்டு அட்டை. நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, பில் வீட்டுக்கு வரும், நீங்களே கட்டிவிட்டுக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். கோபமோ அலட்சியமோ இல்லை. ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற குரல்.

வைத்தியத்தில் குறையே சொல்ல மாட்டேன். இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, ஒரு சிடி ஸ்கேன், 11 மணி நேரம் கண்காணிப்பு. மாரடைப்பு இல்லை, சாப்பாட்டு ஒத்துக்கொள்ளாமையும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்து வந்தது என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார்.

பில் ஒன்றாக வரவில்லை. மூன்று வாரத்துக்குள் மூன்று உறை வந்தது. ஆஸ்பத்திரிக்கு 11,840 டாலர். அங்கே பார்த்த டாக்டர் வேறொரு கம்பெனியைச் சேர்ந்தவராம், அவருக்குத் தனியாக 1,412. ஆம்புலன்ஸ் 1,985. மொத்தம் 15,237 டாலர், நம் பணத்தில் 13 லட்சத்தை ஒட்டி. கோபியில் ஒரு சாதாரணக் குடும்பம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிடும் தொகை.

காப்பீட்டுக் கம்பெனிக்கு எல்லாத் தாளையும் அனுப்பினோம். இருபது நாளில் பதில் வந்தது. நெஞ்சு வலி, ஏற்கனவே இருக்கும் ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையது, ஆகவே கொடுக்க இயலாது. சரி என்று, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என டாக்டர் எழுதிய தாளைத் தனியாக அனுப்பினோம். அடுத்த பதிலில், அப்படியானால் அவசர சிகிச்சை தேவைப்பட்டிருக்காது என்று எழுதியிருந்தார்கள். வியாதி இருந்தால் பழைய வியாதி, இல்லாவிட்டால் அவசரம் இல்லை. இந்த இரண்டு கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் விமர்சனத்தை முடித்து, ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குள் இருக்கும் டீச்சர் விடவில்லை. பாலிசித் தாளில் இருந்த விதிவிலக்குகள் இங்கே யாரோ உட்கார்ந்து விளையாட்டுக்கு எழுதியவை இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு ராத்திரி வைத்தியத்துக்கு 15,000 டாலர் கேட்க முடிகிறது, அதைத் தடுக்க ஆள் இல்லை என்பதால் இங்கே ஒரு கம்பெனி 28 பக்கம் எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த நாடு எப்படி இப்படி ஆனது என்று தெரியாமல் இந்தப் பொருளை விமர்சிக்க எனக்கு மனசு வரவில்லை. மகள் வீட்டுப் பக்கத்திலேயே பொது நூலகம் இருந்தது. மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு நாள் போனேன்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிக்கேரும் ஏழைகளுக்கான மெடிக்கெய்டும் 1965இல் ஜான்சன் காலத்தில் வந்தவை. பாடத்தில் ஒரு வரியாக நானே நடத்தியிருக்கிறேன். அதற்கு முன் நடந்தது எனக்குத் தெரியாது. 1961இல், அப்போது நடிகராக இருந்த ரீகன், முதியோர் வைத்தியத்தை அரசாங்கம் ஏற்கக் கூடாது என்று பேசி ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. வெளியிட்டது அமெரிக்க மருத்துவர் சங்கம். டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்து, அந்தத் தட்டைப் போட்டுக் காட்டி, எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இதை விட்டால் ஒரு நாள் நம் பேரப்பிள்ளைகளிடம், அமெரிக்காவில் மனிதன் சுதந்திரமாக இருந்த காலம் ஒன்று உண்டு என்று கதை சொல்ல வேண்டியிருக்கும் என்று முடிகிறது அந்தப் பேச்சு. வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கொடுப்பதைத்தான் சொல்கிறார்!

அந்தக் குரல்தான் இருபது வருஷம் கழித்து நாட்டின் குரலாயிற்று. 1981 ஜனவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்ற மேடையில் ரீகன் சொன்னது: அரசாங்கம் நம் பிரச்சினைக்குத் தீர்வு இல்லை, அரசாங்கம்தான் பிரச்சினை. அவர் பதவிக்கு வந்தபோது பெரும் பணக்காரர்களின் உச்ச வருமான வரி 70 சதவீதம். அவர் போகும்போது 28. அந்த எட்டு வருஷத்தில் மாறியது வரி மட்டுமில்லை. பொதுவில் எதையாவது சேர்ந்து கட்டுவது என்பதே சந்தேகத்துக்குரிய காரியமாக ஆகிவிட்டது. பள்ளியில் 'பழமைவாதம்' என்ற சொல்லை விளக்கும்போது, இருப்பதைக் காப்பது என்று சொல்லிக் கொடுப்பேன். இப்போது அந்த விளக்கத்தைத் திருத்தவே தோன்றுகிறது. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கட்டிய முதியோர் ஓய்வூதியமும் 1965இல் ஜான்சன் கட்டிய மெடிக்கேரும் அவர்களுடைய பழமைதானே. அதைக் காப்பாற்றாமல் செங்கல் செங்கலாக எடுப்பதற்கு ஏன் அந்தப் பெயர்?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டம் 1986இல் வந்தது, கையெழுத்துப் போட்டவர் அதே ரீகன். என் வீட்டுக்காரரை அன்றைக்கு உள்ளே எடுத்துக்கொண்டது அந்தச் சட்டத்தின் தயவு. ஆனால் அது நோயாளியைப் பார்த்து நிலைப்படுத்தச் சொல்வதோடு நின்றுவிட்டது. பில் எவ்வளவு போடலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. மருந்திலும் இதே கதை. 2003இல் புஷ் காலத்தில் முதியோருக்கு மருந்துச் செலவு தரும் சட்டம் வந்தபோது, மருந்துக் கம்பெனிகளிடம் மெடிக்கேர் விலை பேசக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். உலகத்திலேயே பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர், கடைக்குப் போய் விலை கேட்கக் கூடாது! அது 2022இல்தான் கொஞ்சம் மாறியது. நம் தமிழ்நாட்டு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மாநிலம் முழுவதுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. நம்பியூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் சித்திக்குக் கிடைக்கும் பிரஷர் மாத்திரை அப்படி வந்ததுதான்.

2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கதைதான் எனக்கு மிகவும் வலித்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற யோசனையை 1989இல் முன்வைத்ததே ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத அமைப்பு. மாசசூசெட்ஸில் 2006இல் அதை நடத்திக் காட்டியது ரீகனின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கவர்னர் ராம்னி. அதையே நாடு முழுவதற்கும் ஒபாமா கொண்டுவந்தபோது அந்தக் கட்சியிலிருந்து கடைசி வாக்கெடுப்பில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் சொன்னபடி மெடிக்கெய்டை இன்னும் பல ஏழைகளுக்கு விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்புச் சொன்னது. விரிவாக்கச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறேன் என்கிறது, ஆனாலும் பத்து மாநிலங்கள் இன்றுவரை வேண்டாம் என்கின்றன. டெக்சாஸ் அதில் ஒன்று. நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர்கள் விகிதம் அதிகமாக இருக்கும் மாநிலமும் அதுதான். 2017இல் சட்டத்தையே ஒழிக்கப் பார்த்தார்கள். நள்ளிரவு தாண்டிய வாக்கெடுப்பில் அதே கட்சியின் செனட்டர் மெக்கெய்ன் கையை நீட்டிக் கட்டை விரலைக் கீழே காட்டியதில் தப்பியது. அவருக்கு அப்போது மூளையில் புற்றுநோய்.

இதையெல்லாம் நூலகத்தில் படித்துவிட்டு வருகிறவளுக்கு, வேலிக்கு அந்தப் பக்கமே ஒரு பாடம் காத்திருந்தது.

பக்கத்து வீட்டில் அக்கா தங்கை இரண்டு பேர். அக்காவுக்கு 67, தங்கைக்கு 58. தங்கை ஒரு பள்ளிச் சமையலறையில் பகுதி நேர வேலை. கோடை விடுமுறையில் சம்பளம் இல்லை. வருஷம் 12,000 டாலர்கூட வராது என்று அவரே சொன்னார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்டார். சாயங்காலம் முன் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். என் ஆங்கிலம் மெதுவானது, அவர் பேச்சு இழுவையானது, ஆனாலும் புரிந்தது. மூட்டு வலிக்கு மஞ்சள் மாத்திரை என்று ஒரு புட்டியை 20 டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். நான் ஈரோட்டு மஞ்சள் தூள் கால் கிலோ கொடுத்து, பாலில் போட்டுக் குடிக்கச் சொன்னேன். அதை எதிர் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டினார்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை மலிவுதான், நான்கு டாலருக்குக் கிடைக்கிறது. டாக்டரைப் பார்த்து மூன்று வருஷம் ஆயிற்று. கண் மங்குகிறது என்றார் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக. விழித்திரையைப் பரிசோதிக்கவில்லையா என்றேன். "இன்னும் ஏழு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டால் போதும், 65 ஆகிவிட்டால் மெடிக்கேர் வந்துவிடும்" என்றார். கிழவியாவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் விழுந்திருக்கும் குழியை நூலகத்துத் தாள்கள்தான் எனக்கு விளக்கின. ஒபாமா சட்டப்படி சந்தையில் காப்பீடு வாங்க மானியம் வேண்டுமென்றால் தனி ஆளுக்கு வருஷ வருமானம் சுமார் 15,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்கள் மெடிக்கெய்டில் வந்துவிடுவார்கள் என்று நினைத்து எழுதிய சட்டம். டெக்சாஸ் விரிவாக்கவில்லை. அங்கே குழந்தையை வளர்க்கும் பொறுப்போ, ஊனமோ, கர்ப்பமோ இல்லாத ஒருவருக்கு எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிக்கெய்ட் கிடையாது. ஆக, இந்த அம்மாள் மானியத்துக்கு அதிக ஏழை, மெடிக்கெய்டுக்குத் தகுதியில்லாத ஏழை. சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் அக்கா, 65 தாண்டியதால், மாதம் ஒரு முறை டாக்டரிடம் போய் வருகிறார்.

உங்கள் மாநிலம் அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் உங்களுக்கும் கிடைத்திருக்குமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "வேண்டாம். சும்மா கொடுத்தால் ஜனங்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். அரசாங்கம் கை வைத்தால் எல்லாம் கெட்டுப்போகும்" என்றார். காலை ஐந்து மணிக்கு எழுந்து நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற கைகள் அவருடையவை. அடுப்படியில் நாள் முழுவதும் ரேடியோவில் அரசியல் பேச்சு ஓடும் என்று சொல்லியிருந்தார். ஒலிபரப்பில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்றிருந்த விதியை 1987இல் எடுத்துவிட்டார்கள். மறு வருஷம் ரஷ் லிம்பா என்ற பழமைவாத ரேடியோ பேச்சாளரின் நிகழ்ச்சி நாடு முழுவதும் போக ஆரம்பித்தது. முப்பத்தைந்து வருஷமாக ஒரே சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம், அவருடைய கண்ணே எதிர்ச் சாட்சியாக இருந்தாலும், நான் ஒரு சாயங்காலத்தில் என்ன மாற்றிவிட முடியும்? அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. அவர் கண்ணை விற்றுத் தேர்தலில் ஜெயிக்கிறவர்கள் மேல்தான் கோபம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதா என்றால் அதுவும் இல்லை. மே மாதம் மகளின் சிநேகிதி ஒருத்திக்கு வளைகாப்பு. பல்லடம் பக்கத்துப் பெண். கட்டுச்சோறு, கண்ணாடி வளையல், எல்லாம் முறைப்படி. சமையலறையில் இளம் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது வேறு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்த பிறகு, டெக்சாஸில் விதியை மீறும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதமும் உண்டு. ஐந்தாம் மாதத்தில் ஏதாவது தப்பாகிப் போனால் டாக்டர் முதலில் நம்மைப் பார்ப்பாரா, வக்கீலைப் பார்ப்பாரா என்று ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. ஏழையின் சர்க்கரை வியாதிக்கு வராத அரசாங்கம், பிரசவ அறைக்குள் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறது.

ஜூலை 4 அவர்களுடைய சுதந்திர தினம். ராத்திரி ஊர் மைதானத்தில் வாணவேடிக்கை. பேரன் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தான். அன்றைக்குத்தான் டிரம்ப் தன்னுடைய பெரிய பட்ஜெட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மெடிக்கெய்டில் பத்து வருஷத்தில் 90,000 கோடி டாலருக்கு மேல் வெட்டு. 2034க்குள் இன்னும் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று அவர்களுடைய நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுச் சகோதரிகளும் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். தங்கை ஒவ்வொரு வெடிக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது பச்சையா, நீலமா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

திரும்பி வந்து ஒரு மாதத்தில் திருப்பூரிலிருந்து என் அண்ணன் மகன் வந்தான். பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருந்த நேரம். கட்டிங் முடிந்த துணி அப்படியே நிற்கிறது என்றான். அந்த வரியைப் போட்டதும், தடையில்லா வியாபாரம்தான் எங்கள் வேதம் என்று சொன்னவர்களின் கட்சிதான். அவனைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரை.

எனக்குக் கவலை நம் ஊரைப் பற்றியும்தான். கொங்கு நாட்டில் உழைப்புக்கு ஒரு பெருமை உண்டு. தறி போட்டு, கோழிப்பண்ணை போட்டு, ரிக் வண்டி ஓட்டி மேலே வந்த ஜனம். அந்தப் பெருமை எனக்கும் இருக்கிறது. ஆனால் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருக்கும்போது, உறவுக்கார மாமா ஒருவர், "அமெரிக்கா மாதிரி இருக்கோணும் அம்மிணி. ஒழைக்கறவன் பொழைப்பான். இங்க இலவசம் குடுத்தே கெடுத்துப்போட்டாங்க" என்றார். பக்கத்து வீட்டம்மாளின் அதே வாக்கியம், பத்தாயிரம் மைல் தாண்டி வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏனுங் மாமா, உங்க வயலுக்கு எந்தத் தண்ணிங்க?" என்றேன்.

"கீழ்பவானி."

பவானிசாகர் அணையை 1948இல் ஆரம்பித்து 1955இல் முடித்தது அரசாங்கம். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. மாமா நெல் விற்றுத்தான் பையனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். "அது வேறங்க அம்மிணி" என்றார். எப்படி வேறு என்று கேட்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நம்முடையது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் தள்ளுவண்டிக்குக் கை நீட்டியவருக்கு நானே ஐம்பது ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டத் தோட்டத்தை விற்றவர்களும் எனக்குத் தெரியும். ஆனால் 108ஐக் கூப்பிட்டால் பில் வராது. சாலை விபத்தில் அடிபட்டால், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று 2021 டிசம்பரில் ஒரு திட்டம் வந்தது. பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் பெண் பணியாளர் எங்கள் தெருவுக்கும் வருகிறார். இதையெல்லாம் 'இலவசம்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு டெக்சாஸ் வாசலில்தான் உறைத்தது.

சரி, பாலிசிக்கு வருகிறேன். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

மகள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து, நாங்களே கட்டுகிறோம் என்று பேசியதில் 11,840ஐ 4,736 ஆகக் குறைத்தார்கள். ஒரே ஸ்கேனுக்கு இரண்டு விலை, கேட்டால் குறையும், கேட்கத் தெரியாதவன் முழுசாகக் கட்டுவான். டாக்டரும் ஆம்புலன்ஸும் ஒரு டாலர் குறைக்கவில்லை. ஆக மொத்தம் 8,133. காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம், பதில் சரியில்லை. ஊர் வந்ததும் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டேன். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, நம் எழுத்து போதும். மனு விசாரணைக்கு எடுத்த பிறகு கம்பெனி தானாக இறங்கி வந்து 3,900 டாலருக்குச் சம்மதித்தது. மீதி 4,233 டாலரை மகளும் மாப்பிள்ளையும் தவணையில் கட்டுகிறார்கள். இந்த வயதில் பிள்ளைகளுக்கு வைத்த கடன் அது.

ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும், நடு ராத்திரியில் உதவி எண்ணை எடுத்துப் பதறாமல் பேசிய பெண்ணுக்காக.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் கண்டது இவ்வளவு. இங்கே விற்கும் பாலிசியை மட்டும் பார்க்காமல், அங்கேயே வந்த பிறகு வாங்குகிற பார்வையாளர் காப்பீடுகளையும் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையை நேரடியாக ஏற்கும் ஆஸ்பத்திரிகள் அங்கே கொஞ்சம் அதிகம், எல்லாம் ஏற்கும் என்றில்லை. எவ்வளவு டாலர் என்பதைவிட, பழைய வியாதி திடீரென்று முற்றினால் கொடுப்பார்களா, எந்த வயது வரை, எவ்வளவு வரை என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அது உள்பக்கங்களில்தான் இருக்கும். இருக்கும் வியாதியை மறைக்காதீர்கள், மறைத்தால் குறைதீர்ப்பாளர்கூடக் காப்பாற்ற மாட்டார். ஆறு மாதத்துக்கு மாத்திரையை டாக்டர் சீட்டோடு இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். பில் வந்தால் உடனே கட்டாதீர்கள், ஒவ்வொரு வரிக்கும் விவரம் கேளுங்கள், ஏழைகளுக்கான சலுகைப் படிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லாபநோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் அந்தப் படிவம் இருந்தே ஆக வேண்டும், அது ஒபாமா சட்டத்தில் உள்ள விதி.

மகளுக்கு இரண்டாவது பிரசவம் வருகிறது. மறுபடி போகிறோம். இந்த முறை பாலிசியின் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டேன், ஏஜெண்ட் தம்பியையும் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பெட்டியில் பக்கத்து வீட்டுத் தங்கைக்கு ஒரு கிலோ ஈரோட்டு மஞ்சள் தூள் எடுத்து வைத்திருக்கிறேன். அவருக்கு இப்போது 59. அவர்கள் ஊரில் குறைந்த கட்டணத்தில் கண் பார்க்கும் கல்லூரி மருத்துவமனை ஏதாவது இருக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கூட வர அவர் சம்மதித்துவிட்டார்.